நடுக்கடலில் நீச்சல் குளம்... காவலுக்கு யார்?

2014 பிப்ரவரி 3, திங்கட்கிழமை. நியூயார்க்கின் கடுங்குளிரை விட்டுத் தெற்கே வெயிலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது 'நார்வீஜியன் பிரேக்அவே' என்ற உல்லாசக் கப்பல். கட்டி ஓராண்டுகூட ஆகாத கப்பல். சுமார் 4,000 பயணிகளை ஏற்றிச் செல்லக்கூடியது. புறப்பட்ட மறுநாள், வட கரோலினா மாநிலக் கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தபோது, நீச்சல் குளத்திலிருந்து இரண்டு சிறுவர்களைப் பேச்சுமூச்சில்லாமல் தூக்கி வெளியே கிடத்தினார்கள். ஒருவனுக்கு வயது 4. இன்னொருவனுக்கு 6.

கப்பல் ஊழியர்கள் இருவரின் நெஞ்சையும் அழுத்தி உயிர் மீட்கப் போராடினார்கள். 6 வயதுச் சிறுவனுக்கு மூச்சு திரும்பியது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் வந்து அவனைக் கரைக்குத் தூக்கிச் சென்றது. 4 வயதுச் சிறுவன் கப்பலிலேயே இறந்துபோனான்.

இது தனியாக நடந்த ஒரு விபத்து என்றால் ஒருவேளை மனம் ஆறியிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் மாதம், ஃபுளோரிடாவின் போர்ட் கனவெரல் துறைமுகத்தில் நின்றிருந்த 'டிஸ்னி ஃபேன்டஸி' கப்பலில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் குளத்தில் மூழ்கினான். உயிர் மிஞ்சியது, மூளை பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 'கார்னிவல் விக்டரி' கப்பலின் குளத்தில் 6 வயதுச் சிறுவன் இறந்தான். 2015 ஜனவரியில் 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' கப்பலில் இன்னொரு 4 வயதுச் சிறுவன் மூழ்கினான். கப்பல் கிளம்பிய சிறிது நேரத்தில் நடந்ததால், அது துறைமுகத்துக்கே திரும்பி வந்தது.

நான்கு கப்பல்கள், நான்கு நிறுவனங்கள். குளத்தருகே பயிற்சி பெற்ற ஒரு லைஃப்கார்டு நிற்க வேண்டும் என்று அன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இன்றும் எந்தச் சர்வதேசச் சட்டமும் சொல்லவில்லை.

மிதக்கும் தண்ணீர்ப் பூங்கா

ஒரு காலத்தில் உல்லாசக் கப்பல் என்றால் பணி ஓய்வு பெற்ற வயதானவர்களின் பொழுதுபோக்கு. இன்று அது குடும்பச் சுற்றுலா. உலக உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் 3 கோடியே 17 லட்சம் பேர் இந்தக் கப்பல்களில் பயணம் செய்திருக்கிறார்கள். போட்டி முழுக்கக் குழந்தைகளைக் குறிவைத்துத்தான். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 20 தளங்கள், 7 நீச்சல் குளங்கள், 6 நீர்ச்சறுக்குகள். சின்னக் குழந்தைகளுள்ள குடும்பங்களுக்கென்றே தனி வளாகம். எல்லா அறைகளும் நிரம்பினால் சுமார் 7,600 பயணிகள். அவர்களுக்குப் பணிவிடை செய்ய 2,350 ஊழியர்கள்.

கப்பல் குளம் ஊரில் உள்ள குளம் மாதிரி இருக்காது. கப்பல் அசையும்போது தண்ணீரும் சேர்ந்து ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற குழந்தைக்கு ஒரு நொடியில் கால் தரையை விட்டு எழும்பும். இடம் குறைவு என்பதால் குளம் சிறியது, ஆட்கள் அதிகம். சுற்றிலும் பாட்டு, விளையாட்டு அறிவிப்பு, பானங்களோடு நடமாடும் பணியாளர்கள். ஈரத் தளத்தில் வழுக்கி மண்டை உடைவது, சறுக்கின் அடியில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக் கை முறிவது, வெந்நீர்த் தொட்டியில் சின்னக் குழந்தை மயங்குவது என்று கப்பல் மருத்துவமனைக்கு வரும் காயங்கள் பல வகை. அவற்றில் பெரும்பாலானவை கட்டோடும் மாத்திரையோடும் ஆறிவிடும். ஆறாதது மூழ்குவதுதான். எனவே இந்தக் கட்டுரை பெரும்பகுதி அதைப் பற்றியே பேசுகிறது.

கூச்சல் வராது

சினிமாவில் மூழ்குகிறவர் கையை ஆட்டிக் 'காப்பாத்துங்க' என்று கத்துவார். நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம். நியூயார்க் கடற்கரையில் லைஃப்கார்டாக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படமெடுத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இது: மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் எழாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்தும். வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய் வரும். மேற்பரப்பில் இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடி வரைதான். சின்னக் குழந்தை என்றால் அதைவிடக் குறைவு. பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு, பிள்ளை விளையாடுகிறான் என்றுதான் தெரியும்.

அப்பா அலைபேசியில் ஒரு செய்திக்குப் பதில் எழுதி முடிக்க ஆகும் நேரம் அது. அம்மா பக்கத்து மேசையிலிருந்து துண்டு எடுத்து வர ஆகும் நேரம். அந்தப் பெற்றோரைக் கவனமில்லாதவர்கள் என்று ஏசுவது எளிது. ஏசுவதில் அர்த்தமில்லை. கூட்டமான குளத்தைத் தொடர்ந்து கண்காணிப்பது பயிற்சி எடுத்துச் செய்ய வேண்டிய வேலை. தொழில்முறை லைஃப்கார்டுகளுக்கு '10/20' என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: தன் பகுதி முழுவதையும் 10 விநாடிக்குள் ஒருமுறை பார்த்து முடிக்க வேண்டும், ஆபத்து தெரிந்தால் 20 விநாடிக்குள் போய்ச் சேர வேண்டும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுவார்கள், ஏனென்றால் அதற்கு மேல் கண்ணும் மனமும் களைத்துவிடும். விடுமுறைக்கு வந்த பெற்றோர் நாள் முழுக்க இதைச் செய்துவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

பெட்டிச் செய்தி: நிமிடக் கணக்கு

பிரேசில் மருத்துவர் டேவிட் ஷ்பில்மனும் சக மருத்துவர்களும் 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் உள்ள கணக்கு. தண்ணீருக்குள் இருந்த நேரத்துக்கு ஏற்ப, மரணமோ கடுமையான மூளைப் பாதிப்போ நேரும் வாய்ப்பு:

5 நிமிடத்துக்குள்: 10%
6 முதல் 10 நிமிடம்: 56%
11 முதல் 25 நிமிடம்: 88%
25 நிமிடத்துக்கு மேல்: ஏறக்குறைய 100%

அதே மருத்துவர் 1997-ல் வெளியிட்ட ஆய்வு: மூச்சு மட்டும் நின்று இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போது மீட்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 44%. இதயமும் நின்ற பிறகு மீட்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 93%.

குளம் மேலே, டாக்டர் கீழே

மேலே உள்ள கணக்கைக் கப்பலின் வரைபடத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். நீச்சல் குளங்கள் பெரும்பாலும் கப்பலின் உச்சித் தளங்களில். மருத்துவ மையம் கீழ்த் தளங்களில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி. ஆட்டம் குறைவாக இருக்கும், நோயாளியைத் துறைமுகத்திலோ படகிலோ இறக்க வசதி என்பதால் அங்கே வைக்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் குளத்துக்கும் டாக்டருக்கும் இடையே பத்துத் தளங்கள், கூட்டம் நிறைந்த மின்தூக்கிகள்.

பல கப்பல்களில் மருத்துவ அவசரம் என்றால் ஒலிபெருக்கியில் 'ஆல்ஃபா' என்று சங்கேதமாக அறிவித்து இடத்தைச் சொல்வார்கள். டாக்டரும் நர்ஸ்களும் பையையும் அதிர்ச்சிக் கருவியையும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சில நிமிடங்கள் ஆகும். குழந்தை தண்ணீருக்குள் இருப்பதை யாராவது கண்டுபிடித்த பிறகுதான் இந்த ஓட்டமே தொடங்குகிறது.

கப்பல் மருத்துவமனை இளப்பமானது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் உல்லாசக் கப்பல்களுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வகுத்திருக்கிறது. 24 மணி நேரமும் மருத்துவ உதவி, தீவிர சிகிச்சைப் படுக்கை, வென்டிலேட்டர், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி, எக்ஸ்-ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, அவசர சிகிச்சையில் அனுபவமுள்ள டாக்டர் என்று பட்டியல் நீளும். குழந்தைகள் அதிகம் வரும் கப்பலில் டாக்டருக்குக் குழந்தைகளுக்கான உயிர்மீட்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதைப் பின்பற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆனால் இவை ஒரு சங்கத்தின் வழிகாட்டுதல்கள்தான், சட்டம் இல்லை.

சட்டம் வேறு ஒன்று சொல்கிறது. 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை: 100 பேரையோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலில் தகுதி பெற்ற டாக்டர் இருந்தாக வேண்டும். அது மாலுமிகளின் நலனுக்காக எழுதப்பட்ட விதி. அதனால் பயணிகளுக்கும் டாக்டர் கிடைக்கிறார். சர்வதேசச் சட்டத்தில் கப்பல் பயணியின் மருத்துவத்துக்கு உள்ள இடம் இவ்வளவுதான்.

மூழ்கி மீட்கப்பட்ட குழந்தைக்கு மூச்சு திரும்பிய பிறகுதான் நீண்ட சிகிச்சை ஆரம்பிக்கிறது. நுரையீரல் வீங்கும். வலிப்பு வரும். உடல் வெப்பத்தை மணிக்கு மணி கட்டுப்படுத்த வேண்டும். மூளையின் நிலையைப் பார்க்க ஸ்கேன் வேண்டும், குழந்தைகள் தீவிர சிகிச்சை நிபுணர் வேண்டும். கப்பலில் இவை கிடையாது. ரத்த வங்கிகூட இருக்காது. அவசரமானால் பொருந்தும் பிரிவுள்ள ஊழியரையோ பயணியையோ தேடிப் பிடித்து ரத்தம் எடுப்பார்கள்.

அடுத்த வழி ஹெலிகாப்டர். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் 'ஜேஹாக்' ஹெலிகாப்டர் சுமார் 300 மைல் வரை கடலுக்குள் போய், கொஞ்ச நேரம் நின்று பணி முடித்துத் திரும்பும். அதற்கு அப்பால் கப்பல் இருந்தால் கப்பல்தான் கரையை நோக்கித் திரும்பி ஓட வேண்டும். காற்று பலமாக இருந்தால், இருட்டாக இருந்தால், ஆடும் கப்பலின் மேல் வென்டிலேட்டர் பொருத்திய குழந்தையைக் கயிற்றில் தூக்குவது அந்தக் குழந்தைக்கே ஆபத்து. தூக்குவதா வேண்டாமா என்பதை விமானியும் படை மருத்துவரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இடம் கிடைத்தாலே பெரிது. மற்றவர் மீதிப் பிள்ளைகளோடு கப்பலில் அடுத்த துறைமுகம் வரை காத்திருக்க வேண்டும். அந்தத் துறைமுகம் விசா இல்லாத வேறு நாடாகவும் இருக்கலாம். கப்பல் மருத்துவமனையின் பில் இதற்கிடையில் அறைக் கணக்கில் ஏறிவிடும். குழந்தை இறந்துபோயிருந்தால், உடலை வைக்கக் கப்பலின் கீழ்த் தளத்தில் ஒரு சிறிய குளிரறை உண்டு. எல்லாப் பெரிய உல்லாசக் கப்பல்களிலும் உண்டு.

அந்த டாக்டர் யாருடைய ஆள்?

சிகிச்சையில் தவறு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யார்மேல் வழக்குப் போடுவது? இந்தக் கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் நூறாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தன: கப்பல் நிறுவனத்தின் மேல் போட முடியாது. கப்பல் என்பது மருத்துவமனை அல்ல. டாக்டர் தன் தொழிலைத் தன் அறிவுப்படி செய்கிறார். அதை மேற்பார்வை செய்யும் தகுதி கப்பல்காரருக்கு இல்லை என்பது வாதம். 1988-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதியாக எழுதியும் வைத்தது. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் வெளிநாட்டு டாக்டரை எங்கே தேடிப் பிடிப்பது, எந்த நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்துவது? பெரும்பாலான குடும்பங்கள் அத்தோடு விட்டுவிட்டன.

2014 நவம்பரில் நிலைமை மாறியது. மயாமி உள்ளடங்கிய பகுதிக்கான 11-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் ஒரு முதியவரின் மரண வழக்கு வந்தது. கப்பல் நின்ற துறைமுகத்தில் விழுந்து தலையில் அடிபட்ட அவரைக் கப்பல் மருத்துவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் பழைய வாதத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. டாக்டரை வேலைக்கு எடுப்பது நிறுவனம். சம்பளம் நிறுவனம். உடுத்தியிருப்பது கப்பல் அதிகாரியின் சீருடை. மருத்துவ மையத்தைக் காட்டி விளம்பரம் செய்வதும், கட்டணம் வசூலிப்பதும் நிறுவனம். அப்படியிருக்கப் பொறுப்பு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று கேட்டு, நிறுவனத்தின் மேலேயே வழக்குப் போடலாம் என்று தீர்ப்பளித்தது. முதியவரின் குடும்பம் நடத்திய அந்தப் போராட்டம் இன்று கப்பல் ஏறும் ஒவ்வொரு குழந்தைக்கும் பயன்படுகிறது. இந்தத் துறையில் கடந்த பல ஆண்டுகளில் நடந்த பெரிய நல்ல மாற்றம் இதுதான் என்பேன்.

உயிர் போனால் நஷ்டஈடும் போகும்

படிக்கப் படிக்க நெஞ்சு பதறுகிற சட்டம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ஆழ்கடல் மரணச் சட்டம், 1920-ல் இயற்றப்பட்டது. அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால், மற்றவர் தவறால் ஒருவர் இறந்தால், குடும்பத்துக்குக் கிடைப்பது பண இழப்புக்கான ஈடு மட்டுமே. இறந்தவர் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்திருப்பார் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். துயரத்துக்கு ஈடு கிடையாது. கணவனைக் கடலில் பறிகொடுத்த மாலுமியின் மனைவிக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்ற காலத்தில் எழுதிய சட்டம் அது.

4 வயதுக் குழந்தை என்ன சம்பாதிக்கும்? அதை நம்பி யார் சாப்பிடுகிறார்கள்? எனவே ஆழ்கடலில் இறந்த குழந்தைக்கு இந்தச் சட்டப்படி கிடைப்பது ஏறக்குறைய இறுதிச் சடங்குச் செலவோடு முடிந்துவிடும். அதே குழந்தை மூளை பாதித்து உயிரோடு இருந்தால், ஆயுள் முழுக்க ஆகும் மருத்துவச் செலவைக் கேட்டு வழக்குப் போடலாம். அது பல கோடி ரூபாய்க்குப் போகும். எளிய கணக்காகப் பார்த்தால், குழந்தை செத்துப்போவது நிறுவனத்துக்கு மலிவு. எந்த நிறுவனமும் அப்படி நினைத்து நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காவலுக்கு ஆள் போடும் செலவையும் போடாமல் விட்டால் வரும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்காளரின் மேசையில் இந்தச் சட்டமும் கிடக்கிறது.

விமான விபத்துகளுக்கு மட்டும் 2000-ம் ஆண்டில் இந்தச் சட்டத்தைத் திருத்தி, பிரிவுத் துயருக்கும் ஈடு கேட்கலாம் என்றார்கள். நியூயார்க் அருகே கடலில் விழுந்த டி.டபிள்யூ.ஏ. 800 விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது அது. உல்லாசக் கப்பலுக்கு அந்தத் திருத்தம் கிடைக்கவில்லை. கோடிக்கணக்கில் சுற்றுலாப் பயணிகள் போகும் தொழிலுக்கு 1920-ம் ஆண்டின் சட்டம் இன்றும் பொருந்திக்கொண்டிருப்பது அநியாயம்.

பெட்டிச் செய்தி: டிக்கெட்டில் சிறிய எழுத்தில்...

டிக்கெட் ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. அமெரிக்கப் பெரு நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் பொதுவாக இருப்பவை:

காயம் பட்டால் 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஓராண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் இதற்குச் சிறிது தளர்வு தருகிறது.

வழக்கை நிறுவனம் சொல்லும் ஊரில், பெரும்பாலும் மயாமியில்தான் போட வேண்டும். இந்த நிபந்தனை செல்லும் என்று 1991-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நிறுவனத்தின் தலைமையகம் மயாமியில் இருந்தாலும் பதிவு வேறு நாட்டில்: கார்னிவல் பனாமாவில், ராயல் கரீபியன் லைபீரியாவில், நார்வீஜியன் பெர்முடாவில். கப்பலில் பறப்பது பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளின் கொடி. கரையிலிருந்து தள்ளி நடக்கும் விபத்தை விசாரிக்கும் முதல் பொறுப்பு அந்தக் கொடி நாட்டுக்கு.

விபத்துக்குப் பின் வந்த காவலர்கள்

2013 மார்ச் விபத்துக்குப் பிறகு, அதே ஆண்டில் டிஸ்னி தன் கப்பல்களின் குழந்தைகள் குளங்களில் லைஃப்கார்டுகளை நிறுத்தியது. ராயல் கரீபியன் 2017-ல் தன் எல்லாக் கப்பல்களிலும் குளத்துக்குக் குளம் லைஃப்கார்டு என்று அறிவித்தது. குழந்தைகளுக்கு மிதவைச் சட்டையும் இலவசம். அதே ஆண்டில் நார்வீஜியனும் தன் பெரிய கப்பல்களின் குடும்பக் குளங்களுக்கு லைஃப்கார்டு போடுவதாகச் சொன்னது. ஆக, செய்ய முடியும். செலவு தாங்கும். பயணிகள் ஓடிப்போகவில்லை. அப்படியானால் எல்லாக் கப்பல்களிலும் ஏன் இல்லை?

நிறுவனங்கள் தரப்பில் சொல்லும் பதில் ஒன்று உண்டு: கரையில் உள்ள ஓட்டல் குளங்களிலும் லைஃப்கார்டு இல்லையே, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு என்று பலகை வைத்திருக்கிறோமே. பெற்றோர் பொறுப்பு என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டலில் விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் வரும், அரை மணிக்குள் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். நடுக்கடலில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. உதவி தூரமாக இருக்கும் இடத்தில் காவல் கூடுதலாக வேண்டும்; குறைவாக இருந்தால் போதும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கப்பல் தொழிலுக்குச் சட்டம் இயற்றத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையில் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று கப்பல் ஏறிய பலருக்கு அவசரகாலப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதனால் விதி மாறியது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ எல்லாப் பயணிகளுக்கும் அந்தப் பயிற்சி கட்டாயம். 2010-ல் அமெரிக்கா கொண்டுவந்த உல்லாசக் கப்பல் பாதுகாப்புச் சட்டம், கைப்பிடிச் சுவர் 42 அங்குல உயரம் இருக்க வேண்டும், அறைக் கதவில் வெளியே பார்க்கும் துளை வேண்டும் என்றெல்லாம் நுணுக்கமாகச் சொல்கிறது. நீச்சல் குளக் காவல் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கப்பல்களில் திடீர்ச் சோதனை நடத்தி 100-க்கு மதிப்பெண் போடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. குளத்துத் தண்ணீரில் குளோரின் எவ்வளவு, வடிகால் மூடி சரியானதா, ஆழம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வடிகாலின் உறிஞ்சு விசையில் குழந்தைகள் சிக்குவதைத் தடுக்க 2007-ல் வந்த அமெரிக்கச் சட்டம்கூட, முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி 2002-ல் அப்படி இறந்ததால் வந்தது.

முப்பத்திரண்டு பேர் ஒரே இரவில் இறந்தால் உலகம் விழித்துக்கொள்கிறது. குழந்தைகள் ஒவ்வொருவராக, வெவ்வேறு கப்பலில், வெவ்வேறு மாதத்தில் இறக்கிறார்கள். அதனால்தான் இந்த ஒரு விதி மட்டும் இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது.

சென்னைத் துறைமுகத்திலிருந்தும்...

இது அமெரிக்காக்காரர்கள் பிரச்சினை என்று நாம் தள்ளிவிட முடியாது. 2022-ல் 'கோர்டீலியா' நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலின் பயணத்தைச் சென்னையில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போனது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு 'குரூஸ் பாரத்' திட்டத்தைத் தொடங்கி, 2029-க்குள் உல்லாசக் கப்பல் பயணிகள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவோம் என்றது. சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பல் ஏறும் தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். பள்ளிக்கூட விடுமுறையில் கிளம்பும் இந்தக் குடும்பங்களில் நீச்சல் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? நீச்சல் தெரிந்த பெற்றோர்தான் எத்தனை பேர்?

இன்னொரு கவலையும் இருக்கிறது. தண்ணீரில் விழுந்த பிள்ளையைத் தூக்கியவுடன் நம் ஊரில் முதலில் செய்வது, காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்ப்பதும்தான். கிணற்றடியில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியது. அது உயிரைக் காப்பாற்றாது. வயிற்றை அமுக்கினால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போகும். விலை மதிப்பில்லாத நிமிடங்களும் போகும். மூழ்கிய குழந்தைக்குத் தேவை காற்று. முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், பிறகு நெஞ்சை 30 முறை அழுத்தி 2 முறை ஊதுவது என்று டாக்டர் வரும் வரை நிறுத்தாமல் தொடர வேண்டும். மாரடைப்பு வந்த பெரியவருக்கு நெஞ்சை அழுத்தினால் மட்டும் போதும் என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அது மூழ்கிய குழந்தைக்குப் பொருந்தாது. ஒருநாள் பயிற்சியில் யாரும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

பெட்டிச் செய்தி: குழந்தையோடு கப்பல் ஏறுகிறீர்களா?

குளத்தருகே பெரியவர்கள் ஐந்து பேர் இருந்தாலும், பார்ப்பது ஒருவரின் வேலை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கையில் அலைபேசியும் மதுவும் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

5 வயதுக்குட்பட்ட குழந்தை தண்ணீரில் இருந்தால் நீங்களும் தண்ணீருக்குள், கை எட்டும் தூரத்தில்.

காற்றடைத்த கைவளையமும் ரப்பர் வாத்தும் பொம்மைகள். தரச்சான்று பெற்ற மிதவைச் சட்டையைத்தான் நம்பலாம்.

பிள்ளையைக் காணவில்லையா? அறையையும் உணவகத்தையும் தேடுமுன் குளத்தின் அடியைப் பாருங்கள்.

தண்ணீரில் திணறி மீண்ட குழந்தைக்கு இருமல், மூச்சிரைப்பு, சோர்வு தெரிந்தால் உடனே கப்பல் டாக்டரிடம் காட்டிச் சில மணி நேரம் கண்காணிப்பில் வையுங்கள்.

பயணக் காப்பீட்டில் கப்பல் மருத்துவச் செலவும் அவசர ஹெலிகாப்டர், விமானப் போக்குவரத்தும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். ஊரில் எடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இதற்கு உதவாது.

நாம் என்ன கேட்க வேண்டும்?

நம் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பலுக்கு நிபந்தனை விதிக்க நம் அரசுக்கு அதிகாரம் உண்டு. துறைமுகக் கட்டணத்தில் சலுகை கொடுத்து, முனையம் கட்டிக் கொடுத்துக் கப்பல்களை அழைக்கிற இந்த நேரத்தில்தான் அதைக் கேட்பது எளிது. குளம் திறந்திருக்கும் நேரமெல்லாம் பயிற்சி பெற்ற லைஃப்கார்டு. குளத்தருகே பிராணவாயுவும் அதிர்ச்சிக் கருவியும். குழந்தைகள் உயிர்மீட்புப் பயிற்சி பெற்ற டாக்டர். நடந்த ஒவ்வொரு குள விபத்தையும் பொதுவில் அறிவிக்கும் கடமை. இந்த நான்கையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவிடலாம். மத்திய கப்பல் துறை அமைச்சகமும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும் ஒரு குழந்தையின் பெயரில் சட்டம் எழுதும் நிலை வரும்வரை காத்திருக்கக் கூடாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்குக் கப்பல் டிக்கெட் போடும்போது, ஏஜென்ட்டிடம் சாப்பாடு பற்றியும் கடல் பார்த்த அறை பற்றியும் கேட்பதற்கு முன், 'குளத்தில் லைஃப்கார்டு உண்டா? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?' என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். இல்லை என்றால், அதனால்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு கப்பலைப் பாருங்கள்.